லிம்ஃபோமா: எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி

ஒருமுறையாவது நெறி கட்டாத ஆள் கிடையாது. பல் சொத்தையானால் தாடைக்கடியில் கட்டும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் கட்டும். தொட்டால் வலிக்கும், பத்துப் பதினைந்து நாளில் வடிந்துவிடும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய நெறிக்கட்டி வேறு மாதிரி இருக்கும். வலிக்காது, அழுத்தினால் ரப்பர் போலத் தட்டுப்படும், நான்கு வாரமானாலும் போகாது, மெல்லப் பெரிதாகும், அல்லது பக்கத்தில் இன்னொன்று சேரும். காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி வந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

நெறி கட்டுவது என்பது நிணநீர் முடிச்சு வீங்குவதுதான். உடம்பு முழுக்க இப்படி 500 முதல் 600 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கிருமியை எதிர்க்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கூடுவதும் பெருகுவதும் அங்கேதான். அப்படிப் பெருகும்போது மரபணுவில் ஏற்படும் ஒரு பிழையால் ஏதோவொரு லிம்போசைட் நிற்காமல் பிரிந்துகொண்டே போனால் அது லிம்ஃபோமா. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மட்டுமல்ல. மண்ணீரல், டான்சில், இரைப்பை, குடல், தோல், மூளை என்று லிம்போசைட் போகிற இடத்திலெல்லாம் வரலாம்.

இதையும் ரத்தப் புற்றுநோய் என்றுதான் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் மூன்று பெரிய கிளைகள் உண்டு. லுக்கீமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்கி ரத்தத்தில் நிறைகிறது. மைலோமா மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வந்து எலும்பை அரிக்கிறது. லிம்ஃபோமா பெரும்பாலும் கட்டியாக நிற்கிறது. அதனால் லிம்ஃபோமா உள்ள பலருக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனை நார்மலாகவே வரும். ‘ரத்தம் நல்லா இருக்கு, கேன்சர் எல்லாம் இல்ல’ என்று லேப் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டுக் கட்டியை மறந்துபோகிறவர்கள் உண்டு. ‘ரத்தத்தை முழுசா மாத்திட்டா சரியாயிடாதா?’ என்ற கேள்வியும் இதே குழப்பத்தில் பிறப்பதுதான். லிம்ஃபோமாவில் நோய் ரத்தத்தில் இல்லாமலே இருக்கலாம், எதை மாற்றுவது?

டிபியா, லிம்ஃபோமாவா?

நம் ஊரில் கழுத்துக் கட்டி என்றால் டாக்டருக்கு முதலில் தோன்றுவது காசநோய். தோன்றத்தான் வேண்டும். உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. நுரையீரலுக்கு வெளியே வரும் டிபியில் நிணநீர் முடிச்சு டிபி மிகச் சாதாரணம். தொல்லை என்னவென்றால், இரண்டும் ஒரே வேடத்தில் வரும். மாலையில் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் அளவு வியர்வை, எடைக் குறைவு, கழுத்தில் கட்டி, எக்ஸ்ரேயில் மார்பு நடுவே வீங்கிய முடிச்சுகள் என எல்லாம் இரண்டிலும் உண்டு.

அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் காலம் வீணாகிறது. ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசி செய்கிறார்கள். செலவு குறைவு, மறுநாளே ரிப்போர்ட். ஆனால் லிம்ஃபோமாவின் ஒரு முக்கிய வகையான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் கட்டியின் பெரும்பகுதி புற்று செல்லே அல்ல, அதைச் சுற்றிக் கூடியிருக்கும் சாதாரண அழற்சி செல்கள். புற்று செல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். ஊசி முனையில் அது மாட்டாமல் போகலாம். போதாக்குறைக்கு, டிபியில் காணும் கிரானுலோமா என்ற அமைப்பு ஹாட்ஜ்கினிலும் சில சமயம் தெரியும். ரிப்போர்ட்டில் அந்த ஒரு சொல் இருந்தால் போதும், ஆறு மாத டிபி மாத்திரை தொடங்கிவிடும். கட்டி குறையாவிட்டால் மருந்துக்கு அடங்காத டிபியோ என்று இன்னும் சில மாதம் போகும். அதற்குள் நோய் கழுத்திலிருந்து வயிற்றுக்குப் போயிருக்கும்.

இதற்கு நம் டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின், முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றி 1832இல் எழுதினார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரையே வைத்தார். 1898இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அந்தக் கட்டிக்குள் இருக்கும் பெரிய விசித்திர செல்லைத் தெளிவாக விவரித்தார். விவரித்தவரே அதைக் காசநோயின் ஒரு வடிவம் என்றுதான் நம்பினார். 1902இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த டோரதி ரீட் என்ற இளம் பெண் மருத்துவர்தான் இது டிபி அல்ல, தனி நோய் என்று எடுத்துச் சொன்னார். இன்றும் அந்த செல்லுக்கு இருவர் பெயரும் சேர்ந்து ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்றுதான் பெயர்.

ஆகவே நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டியது இதைத்தான்: முடிச்சை முழுசாக எடுத்துப் பயாப்சி செய்ய முடியுமா? ஆழத்தில் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுக்கலாம். டிபி என்று முடிவு சொன்னால், அதற்கு டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை அல்லது கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ‘சதை எடுத்தால் பரவிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். லிம்ஃபோமாவில் அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது பயாப்சிக்கு முன்னால் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு. மூச்சு முட்டல், மூட்டு வலி என்று எதற்கோ கொடுத்த ஸ்டீராய்டில் லிம்ஃபோமா கட்டி தற்காலிகமாகச் சுருங்கும். நோயாளிக்கு சந்தோஷம். ஆனால் அப்புறம் எடுக்கும் சதையில் எதுவும் தெளிவாகத் தெரியாது.

ரிப்போர்ட்டைப் படிப்பது

எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து, அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டிக்கு பிளாக் என்று பெயர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சிகிச்சை மொத்தமும் அந்தத் துண்டின் மேல்தான் நிற்கிறது என்பதால் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ரிப்போர்ட் ‘லிம்ஃபோமா’ என்று மட்டும் சொன்னால் அது பாதி ரிப்போர்ட். செல்லில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்ப்பது ஐஎச்சி. இரண்டாவதாக வரும் அந்த ரிப்போர்ட்டில்தான் விஷயம் இருக்கிறது. அதில் சிடி என்ற எழுத்துகளோடு எண்கள் வரிசையாக இருக்கும். லிம்போசைட்டில் பி செல், டி செல் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. சிடி20 பாசிடிவ் என்றால் பெரும்பாலும் பி செல் வகை, ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது என்று பொருள். சிடி30, சிடி15 பாசிடிவாகவும் சிடி20 பெரும்பாலும் நெகடிவாகவும் இருந்தால் ஹாட்ஜ்கின் பக்கம் கை காட்டும். சிடி3 என்றால் டி செல் வகையாக இருக்கலாம், அது சற்றுக் கடினமான ஆள். கடைசியில் கேஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கும். எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற கணக்கு அது.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பல வீடுகளில் அழுகை தொடங்குகிறது. ‘80 சதவீதம்னு போட்டிருக்கு, 80 சதவீதம் கேன்சர் பரவிடுச்சா?’ அப்படி அல்ல. அது பரவலின் அளவு இல்லை, வேகத்தின் அளவு. லிம்ஃபோமாவின் மிக முரணான சங்கதியும் இங்கேதான் இருக்கிறது: வேகமாக வளரும் பல வகைகளைத்தான் முழுசாகக் குணப்படுத்த முடிகிறது. கீமோ மருந்துகள் பிரியும் செல்லைத்தான் அடிக்கின்றன, வேகமாகப் பிரிவது வேகமாக மாட்டிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அதிகம் வரும் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகை, சிகிச்சை இல்லாவிட்டால் மாதக் கணக்கில் ஆளை முடித்துவிடும். ஆனால் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டில் ஏறக்குறைய 10 பேரில் 6 பேர் முற்றிலும் குணமாகிறார்கள். கேஐ-67 கிட்டத்தட்ட 100 காட்டும் பர்கிட் லிம்ஃபோமா, குழந்தைகளில் கடுமையான கீமோவுக்கு நன்றாகவே மசிகிறது. ஹாட்ஜ்கின் ஆரம்ப நிலையில் 10 பேரில் 9 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மாறாக, மெதுவாக வளரும் ஃபாலிக்குலர் வகை பெரும்பாலும் முழுசாகப் போவதில்லை. மருந்துக்கு அடங்கும், சில ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும், மறுபடி அடங்கும். அதோடு 15, 20 ஆண்டுகள் வாழ்ந்து வேறு ஏதோ காரணத்தால் இறப்பவர்கள் ஏராளம். சர்க்கரை வியாதியோடு வாழ்வது போல என்று டாக்டர்கள் ஆறுதல் சொல்வது இந்த வகைக்குத்தான் பொருந்தும். கட்டி சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் மருந்தே தொடங்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே கீமோ கொடுத்தாலும் ஆயுள் கூடவில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. ஆனால் கேன்சர் என்று சொல்லிவிட்டு ‘வீட்டுக்குப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்றால் நம் வீடுகளில் அதை யாரும் சிகிச்சையாக எடுத்துக்கொள்வதில்லை. டாக்டர் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு அடுத்த வாரமே யாராவது வைத்தியரிடம் கிளம்பிவிடுகிறார்கள்.

இன்னும் விசித்திரம் இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமா. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமிதான் அங்கே நோயைத் தூண்டுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தாலே பலருக்குப் புற்றுக் கட்டியும் கரைந்துவிடுகிறது. 60க்கும் மேற்பட்ட வகைகள் லிம்ஃபோமா என்ற ஒரே பெயருக்குள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், அவர் எத்தனை நாள் இருந்தார் என்ற கதைகள் இதனால்தான் உதவாது.

எதனால் வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இல்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ், எச்ஐவி, உறுப்பு மாற்றுக்குப் பின் சாப்பிடும் மருந்துகள் என்று சில காரணங்கள் தெரியும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

ஸ்டேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. நுரையீரல், குடல் புற்றுநோய்களில் நாலாவது ஸ்டேஜ் என்றால் என்ன அர்த்தம் என்று கேள்விப்பட்டு வைத்திருக்கிறோம். லிம்ஃபோமாவில் அது அப்படியே பொருந்தாது. லிம்போசைட் இயல்பிலேயே உடம்பெங்கும் சுற்றுவது, பல இடத்தில் இருப்பது அதற்குப் பெரிய சாதனை இல்லை. நாலாவது ஸ்டேஜ் ஹாட்ஜ்கினையும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் கீமோ கொடுக்கிறார்கள், பெரும்பாலோர் குணமும் ஆகிறார்கள். ஸ்டேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி’ என்று எழுதியிருந்தால் காய்ச்சல், இரவு வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறது என்று பொருள்.

கீமோ மாதங்கள்

ஹாட்ஜ்கினுக்கு ஏபிவிடி, பி செல் வகைகளுக்கு ஆர்-சாப் ஆகியவைதான் டே கேர் வார்டில் அதிகம் காதில் விழும் பெயர்கள். ஏபிவிடி 15 நாளுக்கு ஒருமுறை, ஆர்-சாப் 21 நாளுக்கு ஒருமுறை. இரண்டிலும் சிவப்பாக ஒரு மருந்து ஏறும், அட்ரியாமைசின். அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான். முன்னாலேயே சொல்லாவிட்டால் நோயாளி நடுராத்திரியில் பயந்து அலறுவார். ஏபிவிடியில் இன்னொரு மருந்து பாட்டிலை வெளிச்சம் படாமல் கறுப்பு உறை போட்டுத் தொங்கவிடுவார்கள். ஆர்-சாப்பில் ரிட்டுக்ஸிமாப் முதல் தடவை ஏறும்போது குளிர் நடுக்கம் வரலாம், அதனால் மெதுவாகச் சொட்டவிடுவார்கள். அதைத் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம், உள்ளே உறங்கும் கிருமி இந்த மருந்தால் விழித்துக்கொள்ளும்.

இரண்டு கூட்டிலும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த ஒரு மருந்தும் உண்டு. ஒன்றில் வின்பிளாஸ்டின், மற்றதில் வின்கிரிஸ்டின். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வானம் பார்த்த நிலத்தில் பயிரிட்டு, காயவைத்து ஏற்றுமதி செய்கிற அதே செடி. ஒரு கிராம் மருந்து பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் வீட்டு வாசலில் பூத்திருப்பதைப் பறித்துக் கஷாயம் வைத்தால் மருந்தாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்; நஞ்சுதான் மிஞ்சும். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதைச் சர்க்கரை மருந்தாகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணு குறைந்து கிருமி தாக்கி இறந்தன. அந்தத் தோல்வியில்தான் புற்றுமருந்து கிடைத்தது.

எலிகளைக் கொன்ற அதே விஷயம்தான் கீமோ எடுப்பவருக்கும் முதல் ஆபத்து. மருந்து ஏறி ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வெள்ளையணு தரைமட்டத்தில் இருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. சளியும் இருக்காது, சீழும் இருக்காது, ஏனென்றால் சீழ் உண்டாக்கவே வெள்ளையணு வேண்டும். வெறும் காய்ச்சல் மட்டும் இருக்கும், சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பதுதான் இந்த நோயில் வீட்டார் எடுக்கக்கூடிய மிக மோசமான முடிவு. ஆஸ்பத்திரி வாசலில் ‘கீமோ எடுத்து 10 நாள் ஆகிறது, காய்ச்சல்’ என்று அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள்.

மற்றவை தாங்கக்கூடியவை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். வின்கிரிஸ்டினால் விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடுவதே வேலையாகும், மலச்சிக்கல் கடுமையாக வரும். சூடாகச் சமைத்த வீட்டுச் சாப்பாடு, கொதித்து ஆறிய தண்ணீர் போதும். பத்தியம் என்று முட்டை, மீனை நிறுத்திவிட்டு ஆளை மெலியவைப்பது தப்பு. பார்க்க வருகிறவர்களில் சளி, இருமல் உள்ளவர்களை வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்ப ஒருவர் வீட்டில் வேண்டும். நம் பழக்கத்தில் இது கஷ்டமான வேலைதான்.

கீமோ தொடங்குமுன் பேச வேண்டிய ஒன்றை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஹாட்ஜ்கின் அதிகம் பிடிப்பது இளம் வயதினரை. 22 வயதுப் பையனிடம் அப்பா அம்மா முன்னால் விந்தணு சேமிப்பு பற்றிக் கேட்க டாக்டருக்கும் கூச்சம், பையனுக்கும் கூச்சம். ஏபிவிடியில் பாதிப்பு குறைவுதான், ஆனால் நோய் திரும்பிக் கடுமையான மருந்துக்கோ ஸ்டெம் செல் மாற்றுக்கோ போக நேர்ந்தால் அப்போது வருந்திப் பயனில்லை. பெண்களுக்குக் கருமுட்டை சேமிக்க ஓரிரு வாரம் அதிகம் தேவைப்படும், அதனால் இன்னும் முன்னதாகக் கேட்க வேண்டும்.

பணம்

நோயைவிடப் பணத்துக்குப் பயப்படுகிற குடும்பங்களே அதிகம். இதில் நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலை. ரிட்டுக்ஸிமாப் அமெரிக்காவில் 1997இல் வந்தபோது இங்கே சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருள். 2007இல் ஹைதராபாதின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதே வகை மருந்தைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது, பிறகு மற்ற நிறுவனங்களும் இறங்கின. லுக்கீமியாவில் ஒரு வகையான சிஎம்எல்லுக்குத் தரும் இமாட்டினிப் மாத்திரையின் கதைக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பே உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் தோற்றது. மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆன மாத்திரை, 10,000 ரூபாய்க்குள் கிடைக்க வழி நிலைத்தது. இன்று அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தினம் ஒரு மாத்திரையோடு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று செய்துவரும் வேலூர் சிஎம்சியும் பக்கத்திலேயே இருக்கின்றன. முதல் மருந்துக் கூட்டுக்கு அடங்காத பி செல் லிம்ஃபோமாவுக்கு நோயாளியின் சொந்த டி செல்களையே மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி சிகிச்சையும் இங்கே வந்துவிட்டது. மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 3, 4 கோடி ரூபாய் ஆவது இங்கே சுமார் 40 லட்சம். அந்த 40 லட்சத்தைப் புரட்ட முடியாதவர்களே இங்கே அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடிந்த பிறகு

நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் கடைசி பெட் (PET) ஸ்கேன் நன்றாக வந்ததும் எல்லாரும் இனிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நோயாளிக்கு மட்டும் அப்போதுதான் பயம் தொடங்குகிறது. வாரா வாரம் யாரோ பார்த்துக்கொண்டிருந்தது நின்றுபோகிறது, ஒவ்வொரு சளிக் காய்ச்சலுக்கும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. வேகமான வகைகளில் நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும், அதனால் அந்த ஆண்டுகளில் சோதனை நெருக்கமாக இருக்கும். தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், ரிட்டுக்ஸிமாப் முடிந்து ஆறு மாதம் வரை அவை சரியாகப் பிடிப்பதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு, பலர் வாங்குவதில்லை. எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில், எவ்வளவு என்ற கணக்கு. அட்ரியாமைசின் இதயத் தசையைப் பாதிக்கும் என்பதால் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். ஏபிவிடி ஆறு சைக்கிள் (ஒரு சைக்கிளுக்கு இரண்டு தடவை மருந்து) முடித்தாலும் 300 ஆகியிருக்கும், ஆர்-சாப் ஆறு முடித்தாலும் அதே 300தான். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு நோய்க்கு, மார்பகப் புற்றுநோய்க்கே என்று வையுங்கள், இதே சிவப்பு மருந்தைக் கொடுக்க நினைக்கும் டாக்டருக்கு மீதி எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்தத் தாளைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்வது நல்லது.